ஒப்புமையும் வேற்றுமையும்: சிறார் கல்வியில் வட்டப் படங்கள்

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



உழைத்து உண்ணும் மக்கள் தம் கூலியில் ஒரு பங்கை எடுத்துவைத்து ஒரு கல்விச் சங்கத்தை 25 ஆண்டுகள் நடத்திவருவது எளிய செயல் அன்று. 1916-ஆம் ஆண்டில் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கியபோது, கொள்ளிடத்தின் இருகரை மக்களுக்கும் கல்வி எட்டாக் கனியாகவே இருந்தது. நம் சமுதாயத்தின் முன்னோடித் தலைவருள் ஒருவரான எம். சி. ராஜா அவர்கள் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர்; பாடநூல்கள் எழுதியவர். குழந்தைக்குக் கற்பிக்கும் முறையைப் பற்றிச் சிந்திப்பது நம் தலைவர்கள் தாழ்வாகக் கருதிய பணி அன்று. அந்த வழியில் நின்றே இன்று பேச விழைகின்றோம்.

நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகள் இரு பொருள்களை ஒப்பிட்டு, அவற்றின் ஒற்றுமையையும் வேற்றுமையையும் காணப் படங்கள் எவ்வாறு துணைசெய்யும் என்பதே அது. எனினும் இது நம் மக்களின் வாழ்வோடு ஆழ்ந்த தொடர்புடைய பொருள் என்பதை உரையின் போக்கில் காண்பீர்கள்.

களையெடுப்போரின் கண்

ஒப்பிடுதல் பள்ளிக்கூடத்தில் பிறந்த கலை என்று எண்ணுதல் பிழை. காவிரிப் படுகையின் வயல்களில் அது நாள்தோறும் நிகழ்கிறது. நடவு முடிந்த சில நாள்களில் நெல்லோடு களையும் தலைகாட்டும். அவற்றுள் ஒருவகைப் புல் இளம் பருவத்தில் நெற்பயிரைப் போலவே தோன்றும். நிறம் ஒன்று, உயரம் ஒன்று, இலையின் வடிவும் ஏறத்தாழ ஒன்று. கற்றவர் ஒருவரை வரப்பில் நிறுத்தி, இவற்றுள் நெல் எது, புல் எது என்று கேட்டால் அவர் திகைத்து நிற்பார். நம் தாய்மார்களோ சேற்றில் குனிந்தபடியே புல்லைப் பிடுங்கி நெல்லை நிறுத்திக்கொண்டு நகர்கின்றனர்.

பயிர் நூலார் இவ்வேற்றுமையை இவ்வாறு விளக்குவர்: நெல்லின் இலை தண்டைத் தழுவும் இடத்தில் மெல்லிய நாக்கைப் போன்றதொரு சவ்வும், இருபுறமும் சிறு காதுகளைப் போன்ற உறுப்புகளும் உண்டு. குதிரைவாலி இனத்தைச் சேர்ந்த அப்புல்லில் இவ்விரண்டும் இல்லை. இவ்வுறுப்புகளின் பெயரை நம் தாய்மார்கள் எந்த நூலிலும் கற்றதில்லை. ஆயினும் தோற்றத்தின் நுண்ணிய குறிப்புகள் அனைத்தையும் அவர்தம் கண் ஒருங்கே அளந்து முடிவு செய்கிறது. ஒப்பீட்டில் இதனினும் நுட்பமான பயிற்சியை எப்பள்ளியும் தந்துவிட முடியாது.

அத்தாயின் குழந்தை பள்ளிக்குச் செல்கிறது. தேர்வுத் தாளில் 'வேறுபடுத்துக' என்றொரு வினா வருகிறது. குழந்தை எழுதுகோலைப் பிடித்தபடி அமர்ந்திருக்கிறது. அல்லது ஒன்றைப் பற்றித் தெரிந்தவற்றையெல்லாம் எழுதி முடித்து, பிறகு மற்றொன்றைப் பற்றித் தெரிந்தவற்றை எழுதுகிறது. மதிப்பெண் கிடைப்பதில்லை. அறிவு குறைந்த குழந்தை என்று முத்திரை இடப்படுகிறது. தாயிடம் கையளவாகவும் கண்ணளவாகவும் உள்ள அறிவு குழந்தையிடம் சொல்லாகவும் எழுத்தாகவும் மாறுவதற்கு நடுவில் ஒரு பாலம் வேண்டும். படித்த பெற்றோர் உள்ள வீட்டில் அப்பாலத்தை உரையாடலே அமைத்துவிடுகிறது. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் குழந்தைக்கு அதனை நாம்தாம் அமைத்துத்தர வேண்டும். கண்ணால் காணத்தக்க படம் அத்தகைய பாலங்களுள் ஒன்று.

ஒற்றுமை காண்டல் ஏன் கடினம்

குழந்தை மனத்தை ஆராய்ந்தோர் ஓர் அரிய உண்மையைக் கண்டனர். சுவிட்சர்லாந்து நாட்டு உளவியல் அறிஞர் கிளாபரேட் என்பார், குழந்தை வேற்றுமையை முன்னதாகவும் ஒற்றுமையைப் பின்னதாகவும் உணர்கிறது என்றார். 1934-இல் வெளிவந்த தம் நூலில் ருசிய அறிஞர் வைகோட்ஸ்கி இதற்குக் காரணம் கூற முற்பட்டார். இரு பொருள்கள் வேறு என்று சொல்ல அவற்றைக் கண்டாலே போதும். இரண்டும் ஒன்று என்று சொல்லவோ, இரண்டையும் அடக்கும் ஒரு பொதுக்கருத்து மனத்தில் உருவாக வேண்டும் என்பதே அவர் விளக்கத்தின் சாரம். கோழி வேறு, வாத்து வேறு என்பதை மூன்று வயதுக் குழந்தையும் அறியும். இரண்டும் பறவை என்று சொல்வதற்குப் 'பறவை' என்னும் கருத்து பிறந்திருக்க வேண்டும்.

ஆகவே வேற்றுமை தானே புலப்படும். ஒற்றுமையைக் கற்பித்தாக வேண்டும். குழந்தைக்கு மட்டுமன்று, சமுதாயத்திற்கும் இது பொருந்தும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. மனிதரிடையே வேற்றுமையைக் காண்பதற்கு எந்தப் படிப்பும் தேவைப்பட்டதில்லை. பொதுமையைக் காண்பதற்கே கல்வி தேவைப்படுகிறது.

வட்டம் வந்த வழி

இரு வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியுமாறு வரைந்து, பொதுவானவற்றை நடுவிலும் தனித்தனியானவற்றை இருபுறமும் குறிக்கும் படத்திற்கு 'வென் படம்' என்று பெயர். ஜான் வென் என்னும் ஆங்கில அளவையியல் அறிஞர் 1880-இல் இம்முறையை விளக்கிக் கட்டுரை எழுதினார். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, சுவிட்சர்லாந்தில் பிறந்த கணித மேதை ஆய்லர் இத்தகைய வட்டங்களைப் பயன்படுத்தினார். ஜெர்மானிய இளவரசி ஒருத்திக்குக் கற்பிக்க அவர் எழுதிய கடிதங்கள் 1768 முதல் நூலாக வெளிவந்தன. அளவை முறையை விளக்கும் வட்டங்கள் அவற்றில் இடம்பெற்றன. அன்று ஓர் இளவரசிக்காக வரைந்த வட்டத்தை இன்று நம் தெருக் குழந்தைக்காக வைக்கோற்பிரியால் இடலாம். அறிவுக்கு அரண்மனை, குடிசை என்னும் பாகுபாடு இல்லை.

நம் மாநிலத்திலும் இதற்கு முன்னோட்டம் உண்டு. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் உருவான அட்டைவழிக் கற்பித்தலைத் தழுவி, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பெற்றது. 2007-08-இல் அது மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. சுவரின் கீழ்ப்பகுதியில் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகைகள் அமைந்தன. ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கிக் குழந்தைகளோடு தரையில் அமர்ந்தார். குழந்தைகள் வரைந்த படங்கள் அறைக்குள் கட்டிய கம்பியில் தொங்கின. மேல் வகுப்புகளுக்கு வந்த படைப்பாற்றல் கல்வியில், பாடத்தைப் படித்தபின் அதனை மனவரைபடமாக வரைவது கற்றலின் ஒரு படியாகவே வைக்கப்பெற்றது. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கும் முறையைக் கொண்டுவந்தது.

இத்திட்டங்களின் நிறைகுறைகளைப் பற்றி ஆசிரியர்களிடையே பல கருத்துகள் உண்டு. நாம் அவ்வழக்கில் இறங்கவில்லை. ஆயினும் ஆசிரியர் தரையில் அமர்ந்தார் என்பதைச் சிறு செய்தியாக நாம் கொள்ளலாகாது. அண்ணல் அம்பேத்கர் சிறு வயதில் வகுப்பின் ஒரு மூலையில், வீட்டிலிருந்து தாம் கொண்டுசென்ற கோணியின்மேல் தனித்து அமர்ந்து படித்தவர். தரையில் வட்டமாக அனைவரும் சேர்ந்து அமரும் வகுப்பின் அருமையை நம்மினும் நன்கு உணர்வோர் யாவர்?

வைக்கோற்பிரி வட்டம்

இனி, மாலைநேரப் பள்ளியில் செய்யத்தக்க முறையைக் கூறுவோம். விலை கொடுத்து வாங்கவேண்டிய பொருள் இதில் எதுவும் இல்லை. வைக்கோலைப் பிரியாக முறுக்கி இரு வளையங்கள் செய்க. ஒவ்வொன்றும் மூன்றடி அகலம் இருக்கட்டும். வைக்கோல் கிடைக்காத காலத்தில் பழைய கயிறோ கோலமாவோ போதும். ஆறு முதல் எட்டுக் குழந்தைகள் ஒரு குழுவாக அமர வேண்டும்.

முதற்படியில் ஒரே வட்டம். அதற்கு 'விதை' என்று பெயரிடுக. ஒரு தட்டில் நெல், உளுந்து, புளியங்கொட்டை, கூழாங்கல், கிளிஞ்சல், வேப்பிலை ஆகியவற்றை வைக்க. விதை வட்டத்துக்குள் செல்லும். விதை அல்லாதது வெளியே நிற்கும். ஐந்து வயதுக் குழந்தைக்கு இதுவே பெரும் பாடம். 'அல்ல' என்னும் சொல்லின் பொருளைக் குழந்தை இங்கே கையால் அறிகிறது.

இரண்டாம் படியில் இரண்டு வட்டங்கள், ஒன்றையொன்று தொடாமல் இருக்கும். ஒன்று விதைக்கு, மற்றொன்று இலைக்கு. எது எங்கே செல்லும் என்பதில் ஐயம் எழாது.

மூன்றாம் படியில் வட்டங்களின் பெயரை மாற்றுக. ஒன்று 'பச்சை', மற்றொன்று 'இலை'. தட்டில் பச்சை வேப்பிலை, உலர்ந்த பூவரசிலை, பச்சை மிளகாய், புளியங்கொட்டை ஆகியவை இருக்கட்டும். மிளகாய் பச்சை வட்டத்துக்குச் செல்லும். உலர்ந்த பூவரசிலை இலை வட்டத்துக்குச் செல்லும். புளியங்கொட்டை இரண்டுக்கும் வெளியே நிற்கும். பச்சை வேப்பிலை எங்கே செல்லும்? ஒரு குழந்தை அதனை இங்கே வைக்கும்; மற்றொன்று எடுத்து அங்கே வைக்கும். பூசல் எழும். இவ்விடத்தில் ஆசிரியர் விடையைக் கூறாமல் பொறுத்திருத்தல் வேண்டும். சிறிது நேரத்தில் ஏதேனும் ஒரு குழந்தை இரு வட்டங்களையும் இழுத்து ஒன்றன்மேல் ஒன்று படியச் செய்துவிடலாம். அவ்வாறு எவரும் செய்யாவிடில், 'வட்டத்தை நகர்த்தலாமா?' என்று மட்டும் ஆசிரியர் கேட்கட்டும். நடுவில் ஓர் இடம் பிறக்கும். இலை அங்கே அமரும். ஏறத்தாழ ஏழு வயதில் குழந்தை ஒரு பொருளின் இரு பண்புகளை ஒருசேர மனத்தில் நிறுத்தும் ஆற்றலைப் பெறத் தொடங்குகிறது என்று பியாஜே முதலிய அறிஞர்கள் கண்டனர். அதற்கு முன் இப்படியில் குழந்தையை வற்புறுத்த வேண்டா.

நான்காம் படியில் இரு பொருள்களையே ஒப்பிடுகின்றோம். ஒரு வட்டம் கோழிக்கு, மற்றொன்று வாத்துக்கு. இங்கு ஆசிரியர் பலரும் கவனியாத ஒரு மாற்றம் நிகழ்கிறது. முன்னைய படிகளில் வட்டத்துக்குள் வைத்தவை பொருள்கள். இப்போது வைப்பவையோ பண்புகள். இம்மாற்றத்தைச் சொல்லாமல் கடந்தால், குழந்தை கோழி வட்டத்தில் ஒரு கோழிப் படத்தை வைத்துவிட்டு, 'வேலை முடிந்தது' என்று எழுந்துவிடும். ஆதலின் படம் வரைந்த சிறு அட்டைகளைத் தர வேண்டும். சிறகு, அலகு, முட்டை, இரண்டு கால் ஆகிய அட்டைகள் நடுவில் அமரும். மண்ணைக் கிளறும் நகக்கால், கூரிய அலகு ஆகியவை கோழிப்புறம் அமரும். விரலிடைத் தோல், தட்டையான அலகு, நீந்துதல் ஆகியவை வாத்துப்புறம் அமரும். அறுவடை முடிந்த வயல்களில் வாத்துக் கூட்டத்தை மேய்ப்பவரைக் காணாத குழந்தை நம் பகுதியில் இல்லை. ஆகவே அட்டைகளுக்கான பண்புகளைக் குழந்தைகளே சொல்வார்கள். 'இரண்டிலும் எது உண்டு?' என்னும் கேள்வியை முதலில் கேட்க. வேற்றுமையைப் பின்னர்க் கேட்க. கடினமானதை முதலில் கேட்பது, அது விடுபட்டுப் போகாமல் இருப்பதற்காகவே.

ஜெரோம் புரூனர் என்னும் அமெரிக்கக் கல்வியாளர் 1960-களில், குழந்தையின் அறிவு செயல், படம், குறியீடு என்னும் மூன்று வழிகளில் உருப்பெறும் என்றார். நம் முறையும் அவ்வரிசையிலேயே அமைகிறது. முதலில் கையில் பொருள். அடுத்து அட்டையில் படம். இறுதியில் பலகையில் சொல். தொடக்கத்திலேயே சொல்லை எழுதச் சொன்னால், எழுத்துக்கூட்டத் தெரியாத குழந்தை ஒப்பிடவும் தெரியாத குழந்தை என்று தவறாக எண்ணப்படும்.

ஒரே மரக்கால்

குழந்தைகள் பெரும்பாலும் செய்யும் ஒரு பிழையை இங்கே குறிப்பிட வேண்டும். 'கோழி சிவப்பாக இருக்கும். வாத்து நீந்தும்' என்று எழுதுவார்கள். இரண்டும் உண்மை. ஆனால் இஃது ஒப்பீடு ஆகாது. கோழியிடம் நிறத்தைக் கேட்டோம். வாத்திடம் தொழிலைக் கேட்டோம். இருபுறமும் ஒரே கேள்வியைக் கேட்டால்தான் ஒப்பீடு. நிறம் கேட்டால் இரண்டிடமும் நிறம். தொழில் கேட்டால் இரண்டிடமும் தொழில்.

தமிழ் மரபு இதனை நெடுங்காலத்துக்கு முன்பே வகுத்துவைத்துள்ளது. தொல்காப்பியர் உவமை தோன்றும் வகைகளாகத் தொழில், பயன், வடிவம், நிறம் என்னும் நான்கைக் கூறினார். மூன்றாம் வகுப்புக் குழந்தையின் அட்டவணைக்கு இந்நான்கினும் சிறந்த தலைப்புகள் கிடைப்பது அரிது. இடப்பக்கத்தில் தலைப்பு, நடுவில் ஒரு பொருள், வலப்பக்கத்தில் மற்றொரு பொருள். 'வேறுபடுத்துக' என்னும் வினாவுக்கு விடை இவ்வாறு வரிசை வரிசையாக எதிரெதிர் அமையும்.

நான்காம் வகுப்பில் குறுவையையும் சம்பாவையும் ஒப்பிடச் செய்வோம். தலைப்புகளும் விடைகளும் இவ்வாறு அமையலாம்:

நடவு: குறுவை ஆனி, ஆடியில், சம்பா ஆவணி, புரட்டாசியில்.
அறுவடை: குறுவை புரட்டாசி, ஐப்பசியில், சம்பா தை, மாசியில்.
வயது: குறுவை 105 முதல் 120 நாள், சம்பா 130 முதல் 160 நாள்.
நீர்: குறுவைக்கு மேட்டூர் அணை நீரே பெருந்துணை, சம்பாவுக்கு அதனோடு வடகிழக்குப் பருவமழையும் துணை.
அச்சம்: குறுவைக்கு அறுவடை நேரத்து மழை, சம்பாவுக்கு இளம் பயிரை மூழ்கடிக்கும் வெள்ளமும், கடைமடையில் கதிர் விடும் காலத்து நீர்க்குறைவும்.

இரண்டுக்கும் பொது: இரண்டும் நெல், இரண்டுக்கும் நாற்றங்கால், நடவு, களையெடுப்பு உண்டு, இரண்டும் நம் பெற்றோரின் உழைப்பால் விளைவன.

இருபுறமும் ஒரே கேள்வி என்னும் விதியை, இருபுறமும் ஒரே மரக்கால் என்று குழந்தைகளுக்குச் சொல்லித்தரலாம். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்பது நம் முன்னோர் வாய்பாடு. ஆனால் அந்த மரக்கால் எந்த மரக்கால் என்பதற்காகவே நம் முன்னோர் போராட நேர்ந்தது. 1940-களில் கீழத் தஞ்சையில் எழுந்த பண்ணையாள் போராட்டங்களில், சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழியவேண்டும் என்னும் கோரிக்கையோடு, முத்திரையிட்ட மரக்காலால் கூலி அளக்கவேண்டும் என்னும் கோரிக்கையும் சேர்ந்தே ஒலித்தது. 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பின்னரும் கூலி நெல்லின் அளவைப் பற்றிய வழக்கு ஓயவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 உயிர்கள் தீக்கு இரையானது அவ்வழக்கின் பின்னணியிலேயே. ஆகவே அளவு ஒன்றாக இருத்தல் வேண்டும் என்பது நமக்கு வெறும் பாடக் குறிப்பு அன்று. இருபுறமும் ஒரே அளவால் அளக்கக் கற்ற குழந்தை, வளர்ந்தபின் பிறர் தன்னை இரட்டை அளவால் அளக்கும்போது அதனை அடையாளம் கண்டுகொள்ளும்.

உம்மையும் ஓகாரமும்

படம் முடிந்ததும் பாடம் முடிந்துவிடாது. வட்டத்தை வரைந்து அழகாக வண்ணம் தீட்டிச் சுவரில் ஒட்டிவிட்டால் கற்றல் நிறைவுற்றதாக எண்ணுவோர் உண்டு. படத்தில் உள்ளது பேச்சாக வேண்டும். பேச்சு எழுத்தாக வேண்டும்.

இதற்குத் தமிழே இரு கருவிகளைத் தந்திருக்கிறது. ஒன்று உம்மை, மற்றொன்று பிரித்துக்காட்டும் ஓகாரம். நடுவில் உள்ள அட்டையை எடுக்கும் குழந்தை உம்மையிட்டுப் பேச வேண்டும்: 'கோழியும் வாத்தும் முட்டையிடும்.' ஓரத்தில் உள்ள அட்டையை எடுக்கும் குழந்தை ஓகாரமிட்டுப் பேச வேண்டும்: 'கோழி மண்ணைக் கிளறும், வாத்தோ நீரில் நீந்தும்.' ஒவ்வொரு குழந்தையும் ஓர் அட்டையை எடுத்து ஒரு வாக்கியம் சொல்லட்டும். பிறகு அவ்வாக்கியங்களை வரிசையாக எழுதினால் ஒரு பத்தி உருவாகிவிடும். கட்டுரை எழுதுவது எப்படி என்று மேல் வகுப்பில் திகைக்கும் பிள்ளைகள் பலருக்கு இந்தச் சிறு பயிற்சி இளமையில் கிடைக்காததே குறை.

மூன்றாம் கேள்வி

ஒற்றுமை எது, வேற்றுமை எது என்னும் இரு கேள்விகளோடு பெரும்பாலான நூல்கள் நின்றுவிடுகின்றன. நாம் மூன்றாவது கேள்வி ஒன்றையும் சேர்க்க வேண்டும். இவ்வேற்றுமை எங்கிருந்து வந்தது? இயற்கையில் அமைந்ததா, மனிதர் அமைத்ததா?

வாத்தின் காலில் உள்ள தோல் இயற்கை தந்தது. குறுவைக்கும் சம்பாவுக்கும் உள்ள நாள் வேறுபாடு வித்தின் இயல்பாலும், மனிதர் அதனைத் தேர்ந்து வளர்த்த திறத்தாலும் வந்தது. ஒரே வயலில் ஒரே நேரம் குனிந்து உழைத்த ஆணுக்கு ஒரு கூலியும் பெண்ணுக்குக் குறைந்த கூலியும் தந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? அதில் இயற்கைக்குப் பங்கே இல்லை. மனிதர் அமைத்தது அது. ஆதலால்தான் 1976-இல் சம ஊதியச் சட்டம் இயற்றி அதனை மாற்ற முடிந்தது. இயற்கை அமைத்ததை அறிந்துகொள்கின்றோம், மனிதர் அமைத்ததை ஆராய்கின்றோம், அநீதியாயின் மாற்றுகின்றோம். தேநீர்க் கடையின் இரட்டைக் குவளை இதில் எந்த வகையைச் சேர்ந்தது என்று கேட்டால், கோழியையும் வாத்தையும் ஒப்பிடக் கற்ற குழந்தைக்கே விடை தெரிந்துவிடும்.

இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் கூற விரும்புகின்றோம். ஆறு வயதுக் குழந்தையின் வட்டத்துக்குள் நம் கோபத்தைத் திணிக்க வேண்டா. குழந்தைக்குக் கொக்கும் நாரையும் போதும். பனங்காயும் தேங்காயும் போதும். மூன்றாம் கேள்வியைக் கேட்கும் பழக்கத்தை மட்டும் ஊட்டிவிடுவோம். ஊர்த்தெருவையும் நம் தெருவையும் ஒப்பிடும் நாள் தானே வரும். அன்று அக்குழந்தை அழுகையோடு நில்லாமல், தெளிந்த கேள்வியோடு நிற்கும்.

ஏணியும் வட்டமும்

இவ்வுரையின் உயிர்நிலையான கருத்துக்கு வருகின்றோம். ஒப்பீட்டில் இருவகை உண்டு. ஒன்று ஏணி, மற்றொன்று வட்டம்.

ஏணியில் ஒன்று மேல், மற்றொன்று கீழ். அண்ணல் அம்பேத்கர் சாதி முறையைப் படிநிலைச் சமமின்மை என்று அழைத்தார். அஃது ஏணி வடிவான ஒப்பீடு. அங்கே வேறு என்றால் தாழ்வு அல்லது உயர்வு என்றே பொருள். நூற்றாண்டுகளாக நம் மக்களை ஒப்பிட்டவர்கள் இந்த ஏணியின் வழியாகவே ஒப்பிட்டார்கள். பக்கத்தில் பக்கமாக இருக்கும் இரு வட்டங்களிலோ மேலும் இல்லை, கீழும் இல்லை. வேறு என்றால் வேறு என்றே பொருள். நடுவில் பொதுவான இடமும் எப்போதும் உண்டு. குழந்தைப் பருவத்தில் இவ்வடிவம் மனத்தில் பதியுமானால், வேறுபாட்டைக் கண்டதும் தாழ்வுணர்ச்சி கொள்ளும் பழக்கம் வேரூன்றாது. பிறரைத் தாழ்த்தும் பழக்கமும் வேரூன்றாது.

ஏணி எங்குமே கூடாது என்பது நம் கருத்தன்று. செயல்வழிக் கற்றலில் ஏணி என்றே ஓர் அட்டவணை இருந்தது. ஒரு குழந்தை தான் நேற்று நின்ற படியிலிருந்து இன்று எங்கே ஏறியிருக்கிறது என்பதை அது காட்டியது. தன்னோடு தன்னை ஒப்பிட ஏணி நன்று. பிறரோடு தன்னை ஒப்பிட வட்டமே நன்று.

ஆகவே சில செயல்களை அறவே தவிர்க்க வேண்டும். 'பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்' என்று குழந்தையை இடித்துரைத்தல் ஏணி ஒப்பீடு. வீட்டிலும் அது வேண்டா, பள்ளியிலும் வேண்டா. மேனி நிறம், தந்தையின் தொழில், வீட்டின் கூரை ஆகியவற்றை வட்டத்தின் தலைப்பாக வைத்தல் கூடாது. ஆசிரியர் கரும்பலகையில் வரைந்து குழந்தைகள் பார்த்து எழுதுவதும் கூடாது. அங்கே ஒப்பிட்டவர் ஆசிரியரே.

செய்யத்தக்க ஒன்றும் உண்டு. அரசுப் பள்ளியில் ஊர்த்தெருப் பிள்ளையும் நம் தெருப் பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். இருவரையும் இணையாக அமர்த்தி, ஒருவரையொருவர் கேட்டு இரு வட்டங்களை நிரப்பச் சொல்லலாம். பிடித்த விளையாட்டு, பிடித்த பழம், அஞ்சும் பூச்சி, நீந்தத் தெரியுமா, தம்பி தங்கை உண்டா என்பன போன்ற கேள்விகள் போதும். பெரும்பாலும் நடுவிடமே நிரம்பி வழியும். எந்த அறிவுரையும் சொல்லாத ஒன்றை அந்த நடுவிடம் இரு பிள்ளைகளுக்கும் சொல்லிவிடும்.

வேண்டுகோள்

நிறைவாக, சங்கத்தின் இளைஞர்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது, ஒவ்வொரு மாலைநேரப் பள்ளியிலும் வாரம் ஒரு மணி நேரத்தை இப்பயிற்சிக்கு ஒதுக்குங்கள். அச்சிட்ட படங்களை எதிர்நோக்கிக் காத்திருக்க வேண்டா. பழைய நாட்காட்டியின் பின்புறமும், கடையில் கிடைக்கும் அட்டைப்பெட்டியும் போதும்.

இரண்டாவது, நம் தாய்மார்களை ஆசிரியர்களாக அழையுங்கள். களைக்கொல்லியும் இயந்திர நடவும் பெருகிவரும் இக்காலத்தில், நெல்லையும் புல்லையும் பிரித்தறியும் அக்கண் அடுத்த தலைமுறைக்கு வாய்க்குமா என்பது ஐயமே. ஒரு பிடி நெற்பயிரையும் ஒரு பிடிப் புல்லையும் கொண்டுவந்து, குழந்தைகளின் நடுவில் அமர்ந்து, இது எப்படி வேறு என்று அவர்கள் சொல்லட்டும். குழந்தைகள் அதனை வட்டமாக வரையட்டும். எழுத்தறியாத தாய் ஒருத்தி தன் மகளின் பாடத்துக்கு ஆசிரியையாக அமர்வதைக் காட்டிலும் சிறந்த வெள்ளி விழா நமக்கு வேறு என்ன இருக்க முடியும்?

மூன்றாவது, குழந்தைகள் செய்த படங்களைத் தொகுத்து வையுங்கள். எந்தக் கேள்வி எளிதாயிற்று, எது கடினமாயிற்று என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். அடுத்த ஊரில் கற்பிக்கும் இளைஞருக்கு அக்குறிப்பேடு இவ்வுரையினும் பயன் தரும்.

'கற்பி, ஒன்றுசேர், போராடு' என்னும் முழக்கத்தை நம் கூட்டங்களில் எல்லாம் ஒலிக்கின்றோம். அதன் முதற்சொல் கற்பி என்பதாகும். அது தொடங்கும் இடம் ஐந்து வயதுக் குழந்தையின் முன் தரையில் இட்ட ஒரு வைக்கோற்பிரி வட்டமாகவும் இருக்கலாம். சங்கத்தின் பணி மேன்மேலும் ஓங்குக.